சஸ்பென்ஷன் பட்டனுக்குக் கூடப் பணம் கொடுக்கலாமா?



இந்த இதழில் அடுப்பங்கரையை விட்டுச் சற்று வாசல் பக்கம் வருவோம். "கார் வாங்குறது ஆம்பளைங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். காரின் விலையில் நம் சீட்டுப் பணமும் சேர்ந்திருக்கிறது. சில வீடுகளில் கழுத்துச் சங்கிலியே பாங்கில் இருக்கிறது. வாங்கி வந்தபின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்காருகிறவர் ஒருவர்தான். பின் சீட்டில் ஒரு பக்கம் குழந்தை, மறு பக்கம் மாமியார், காலடியில் சாப்பாட்டுக் கூடை என்று குலுங்கிக்கொண்டு போகிறவர்கள் நாம்தான்.

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்கா, எங்க வீட்டுல எஸ்.யூ.வி. வாங்கப் போறோம். விலை கூடின ரகத்துல சஸ்பென்ஷனை ரோட்டுக்குத் தக்கபடி மாத்திக்கலாமாம். அத்தைக்கு இடுப்பு வலி. சின்னவனுக்கு மலை ஏறினாலே வாந்தி. அதுக்காகவாவது அந்த ரகத்தை வாங்கலாமா?"

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். அந்த ஒரு வசதிக்காக மட்டும் மேல் ரகத்துக்குப் போக வேண்டாம். ஆனால் சில வீடுகளுக்கு அது உண்மையிலேயே உபயோகப்படும். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இந்தப் பக்கம்.

வில்வண்டியும் பாரவண்டியும்

சஸ்பென்ஷன் என்ற வார்த்தையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் பாட்டிமார்களுக்கு அது நன்றாகத் தெரியும். கல்யாணம், திருவிழா என்று குடும்பத்தோடு போக வில்வண்டி. நெல் மூட்டையும் எருவும் ஏற்றப் பாரவண்டி. வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்பு வில் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த வில் அடியை வாங்கிக்கொள்ளும். பாரவண்டிக்கு அது கிடையாது. பாரத்தைத் தாங்கும், உட்கார்ந்து போனால் எலும்பு கழன்று விடும்.

அன்றைக்கு இரண்டு வண்டி இருந்தது. இன்றைக்கு ஒரே கார்தான் வில்வண்டியாகவும் இருக்க வேண்டும், பாரவண்டியாகவும் இருக்க வேண்டும். திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஒருவர் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பழனிக்கு ஏழு பேரும் இரண்டு பெட்டியும் ஒரு குடம் தண்ணீரும் போகிறது. பெரியவர்கள் ஏழு பேர் என்றாலே நானூறு கிலோவுக்கு மேல் வந்துவிடும். ஒருவருக்கு மெத்தென்று இருக்கும் வில், ஏழு பேருக்குத் தரையில் இடிக்கும். ஏழு பேருக்குத் தாங்குகிற வில், ஒருவருக்குத் தூக்கிப் போடும். கம்பெனிக்காரர்கள் நடுவில் ஒரு இடத்தைப் பிடித்து வைக்கிறார்கள். இந்தச் சங்கடத்துக்கு மருந்தாக வந்ததுதான் மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன்.

முறுக்குக் குழலை வைத்துப் பாருங்கள்

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதாது. ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கிறதல்லவா? ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த தெரு வரை வண்டி குதித்துக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர்.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், நம் முறுக்குக் குழல் மாதிரி. குழாய்க்குள் எண்ணெய் இருக்கும். மேலும் கீழும் போகிற கட்டையில் சின்னத் துளைகள் இருக்கும். வண்டி அழுந்தும்போது எண்ணெய் அந்தத் துளை வழியே பிதுங்கிப் போக வேண்டும். இடியாப்ப அச்சைப் போட்டால் கை வலிக்க அழுத்த வேண்டியிருக்கிறது. தேன்குழல் அச்சைப் போட்டால் சுலபமாக இறங்குகிறது. துளை சின்னது என்றால் வண்டி விறைப்பு. ஆடாது, ஆனால் சின்னக் கல்லும் இடுப்பில் தெரியும். துளை பெரியது என்றால் வண்டி மெத்து. கல் தெரியாது, ஆனால் வளைவில் தொட்டில் மாதிரி ஆடும்.

மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் என்பது, குழலைத் திறக்காமலே அச்சை மாற்றுகிற வித்தை. அவ்வளவுதான் விஷயம்.

எத்தனை ரகம் இருக்கிறது?

ஒரே பெயரில் நாலைந்து சாமான்களை விற்கிறார்கள். பிரித்துத் தெரிந்து கொள்ளுங்கள்.

முதல் ரகம் கையால் திருகுவது. இது பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது! ஹீரோ ஸ்பிளெண்டர் மாதிரி மோட்டார் சைக்கிள்களில் பின் ஷாக் அப்சார்பருக்கு ஐந்து படி உண்டு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஸ்பானரால் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். வண்டி வாங்கிப் பத்து வருஷமான வீட்டில் போய், "ஒரு தடவையாவது திருகியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாமாகத் திருக வேண்டிய எந்த வசதியும் இரண்டு மாதத்தில் மறந்து போகும்.

இரண்டாவது ரகம் பட்டன் அமுக்குவது. மெத்து, நடுத்தரம், விறைப்பு என்று இரண்டு மூன்று நிலை. இதற்கும் அதே கதிதான். ஓட்டுகிறவருக்கு எது பிடிக்கிறதோ அதில் வைத்து விட்டுவிடுவார். பெரும்பாலும் அது பின் சீட்டுக்குப் பிடித்ததாக இருக்காது.

மூன்றாவது ரகம் தானாகவே மாற்றிக்கொள்வது. சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிற உணர் கருவிகள் வண்டியின் ஆட்டத்தை அளந்து சொல்ல, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் பலமுறை துளையைச் சுருக்கும், விரிக்கும். இன்னொரு வழியில், எண்ணெயிலேயே நுண்ணிய இரும்புத் துகளைக் கலந்துவிடுகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் காந்த சக்தியால் அந்த எண்ணெய் கெட்டிப்பட்டு விடும். 2002-ல் அமெரிக்காவில் காடிலாக் செவில் காரில் இதை முதலில் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் வெளிநாட்டு விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இந்தத் தானியங்கி வகை இப்போது கீழே இறங்கி வருகிறது. 2024 நவம்பர் 26-ல் சென்னையில் மகிந்திரா கம்பெனி அறிமுகப்படுத்திய பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ என்ற மின்சார எஸ்.யூ.வி.களில் விலை கூடிய ரகங்களுக்கு இப்படிப்பட்ட சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். அதனால்தான் நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி முளைத்திருக்கிறது.

நான்காவது ரகம் காற்று சஸ்பென்ஷன். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை. காற்றை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தையே கூட்டிக் குறைக்கலாம். உயரத்தை மாற்றுகிற எண்ணம் பழையது. 1955-ல் பிரான்சில் சிட்ரோயன் டி.எஸ். என்ற கார், காற்றையும் எண்ணெயையும் சேர்த்து வைத்து, ஒரு நெம்புகோலைத் தள்ளினால் எழுந்து நிற்கிற மாதிரி வந்தது. மூட்டு வலிக்காரருக்கு வண்டி தாழ்ந்து கொடுப்பது பெரிய சௌகரியம்தான். ஆனால் விலை நம் கைக்கு எட்டாது. ரப்பர் பையும் காற்றடிக்கும் பம்பும் வயசானால் தகராறு செய்யும் சாமான்கள். பெரியவர்கள் ஏறி இறங்குவதுதான் கஷ்டம் என்றால், வண்டியின் ஓரத்தில் ஒரு நல்ல மிதிபடியும் உள்ளே பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் போதும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதற்குப் பட்டனும் கிடையாது, ஒயரும் கிடையாது. ஷாக் அப்சார்பருக்குள்ளேயே இன்னொரு சின்ன வால்வு. சடசடவென்று சின்ன அதிர்வு வந்தால் எண்ணெய்க்குக் கூடுதல் வழி விட்டு மெத்தாகும். வளைவில் வண்டி மெதுவாகச் சாயும்போது அந்த வழியை மூடி விறைப்பாகும். 2017-ல் இங்கே வந்த ஜீப் காம்பஸிலும், 2021-ல் வந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700-லும் இந்த வகையைத்தான் போட்டார்கள். இது மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் அல்ல. ஆனால் நாம் எதிர்பார்க்கிற பலனில் ஒரு பங்கை, கம்ப்யூட்டர் இல்லாமலே கொடுக்கிறது.

இன்னொரு விஷயத்தில் ஏமாந்து விடக் கூடாது. ஈகோ, ஸ்போர்ட், மணல், சேறு என்றெல்லாம் காரில் ஒரு திருகு இருக்கும். "இதுதான் ரோட்டுக்குத் தக்கபடி மாத்துறது" என்று விற்பனைப் பையன் சொல்லுவான். பல வண்டிகளில் அது என்ஜின், கியர், ஸ்டியரிங், பிரேக் இவற்றை மட்டும்தான் மாற்றும். சஸ்பென்ஷனைத் தொடவே தொடாது. "தம்பி, இந்தத் திருகைத் திருப்பினா ஷாக் அப்சார்பர் மாறுமா, மாறாதா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

உடம்புக்கு என்ன ஆகிறது?

இது ஆரோக்கியப் பத்திரிகை. ஆகவே உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. குலுக்கல் எல்லாம் ஒன்று போல அல்ல.

ஒரு வினாடிக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை ஏறி இறங்குவது நாம் நடக்கிற நடைக்குச் சமம். உடம்புக்கு அது பழக்கம். கார்களின் ஸ்பிரிங்கை ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் அமைக்கிறார்கள். வினாடிக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை வரை வருகிற அதிர்வுதான் முதுகெலும்புக்கும் வயிற்றுக்கும் ஆகாதது. உட்கார்ந்திருக்கும் உடம்பு அந்த வேகத்தில் தானும் சேர்ந்து அதிரும். இடுப்பு வலிக்காரர்கள் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

வாந்தி வேறு கணக்கு. ஐந்து வினாடிக்கு ஒரு தடவை என்று மெதுவாகத் தொட்டில் போல ஆடுவதுதான் தலையைச் சுற்ற வைப்பது. அதனால் மெத்தென்ற வண்டி அத்தைக்கு நல்லது என்று வாங்கினால், மலை வளைவில் சின்னவனுக்குக் குமட்டும். விறைப்பான வண்டி சின்னவனுக்கு நல்லது என்று வாங்கினால், கிராமத்து ரோட்டில் அத்தை முனகுவார்கள். வேடசந்தூர்ச் சகோதரியின் கேள்வியிலேயே இந்த இரண்டும் இருக்கிறது பாருங்கள்! தானாக மாற்றிக்கொள்ளும் வகைக்கு நியாயம் இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான். நேர் ரோட்டில் மெத்து, வளைவில் விறைப்பு என்று ஒரே பிரயாணத்தில் இரண்டையும் அது கொடுக்கும்.

ஆனாலும் வாந்திக்கு முதல் மருந்து ஷாக் அப்சார்பரில் இல்லை. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கே இந்தத் தொந்தரவு அதிகம். பிள்ளையை மூன்றாவது வரிசையில் போடாமல் நடு வரிசையில், தூரத்து ரோடு தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். கையில் போன் வேண்டாம். புறப்படுமுன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் திடீரென்று அமுக்காமல் திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

மாசமாக இருக்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் பிரயாணம் கூடாது என்று சொல்லியிருந்தால், எந்தச் சஸ்பென்ஷனை நம்பியும் கிளம்பாதீர்கள். போகலாம் என்று சொன்னவர்கள் பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் போக வேண்டும், வயிற்றின் மேல் போகக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி நாலடி நடவுங்கள்.

நம் ஊர் ரோட்டைப் பார்ப்போம்

திண்டுக்கல்லில் குடியிருக்கிறவர்கள் எங்கே போகிறோம்? நாலு வழிச் சாலையில் மதுரைக்கும் கரூருக்கும். அந்த 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் சாதாரணச் சஸ்பென்ஷனே வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட், பழனி, சின்னாளபட்டி, நிலக்கோட்டை என்று போகிற வழியும் பெரும்பகுதி தார் ரோடுதான்.

தொந்தரவு இரண்டு இடத்தில். ஒன்று, மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பிய பிறகு. குஜிலியம்பாறைப் பக்கமும் நத்தம் பக்கமும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு ஓரம் அரித்துப் போயிருக்கும். அதன்பின் செம்மண் வண்டிப்பாதை. நடுநடுவே வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிற மாதிரி சரிவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் பலவற்றில் இருப்பது குறுகலாக, வரப்பு மாதிரி நிற்கிறது. அதில் வேகமாக ஏறினால், எத்தனை லட்சம் கொடுத்த சஸ்பென்ஷனும் மூன்றாவது வரிசையில் இருப்பவரின் தலையைக் கூரையில் முட்ட வைக்கும். மூன்றாவது வரிசை பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது, அதனால் அடி முழுவதும் அங்கேதான் ஏறும். நடு வரிசை இரண்டு அச்சுக்கும் இடையில் இருப்பதால் பாதி அடிதான். இடுப்பு வலிக்காரருக்கு இடம் எங்கே என்று இப்போது தெரிகிறதல்லவா?

இரண்டாவது இடம் மலை. சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. வத்தலக்குண்டு தாண்டி ஏறினால் கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். வருஷத்தில் எத்தனை தடவை நாம் அங்கே போகிறோம்? விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். விருந்தாளி வந்தால் ஒரு தடவை, பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஒரு தடவை. அந்த இரண்டு நாளைக்காக வருஷம் முழுக்க வட்டி கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

முதலில் செலவழிக்க வேண்டிய இடம்

எங்கள் கொழுந்தனார் புது வண்டி பார்க்கக் கிளம்பியபோது பேச்சு இதில்தான் வந்து நின்றது.

"மதினி, மேல் ரகத்துல சக்கரமே பெரிசு. பதினெட்டு இஞ்சு. பார்க்கவே ஜம்முனு இருக்கு" என்றார்.

"ரப்பர் எவ்வளவு உசரம் தம்பி?" என்று கேட்டேன்.

"ரப்பரா? அதை யாரு பாத்தா?"

அதைத்தான் பார்க்க வேண்டும். டயர் பக்கத்தில் 235/65 ஆர் 17 என்று போட்டிருந்தால், அகலம் 235 மில்லிமீட்டர், அதில் நூற்றுக்கு 65 பங்கு ரப்பரின் உயரம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 153 மில்லிமீட்டர். அதே வண்டியின் மேல் ரகத்தில் 235/60 ஆர் 18 என்று இருந்தால் 141 மில்லிமீட்டர்தான். இரும்புச் சக்கரம் பெரிதாகி, அடியை வாங்குகிற ரப்பர் ஒரு விரல் அகலம் குறைந்து போகிறது. சஸ்பென்ஷனுக்கென்று மேல் ரகம் வாங்குகிறோம். கூடவே வருகிற பெரிய சக்கரம் அந்தச் சுகத்தில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இந்த நியாயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார்.

டயரில் காற்றுதான் வண்டியின் முதல் வில். 1888-ல் டன்லப் என்ற மிருக வைத்தியர் பெல்பாஸ்ட் நகரத்தில், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்குகிறதே என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்தார். இன்றைக்கும் அதே கதைதான். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று பேருக்கு எவ்வளவு காற்று, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கும். பங்க்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்து விடுவார். சீட்டில் உள்ளதைவிடக் கூட இருந்தால் குலுக்கும், குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பாருங்கள். நம் பத்திரிகை வருகிற அன்றைக்குப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது!

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குலுக்கலுக்குப் பயந்து புது வண்டி தேட வேண்டாம். வண்டியின் ஒரு மூலையை பலமாக அழுத்தி விடச் சொல்லுங்கள். ஒரு தடவை எழும்பி நின்று விட்டால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதன் மேல் எண்ணெய்க் கசிவு இருந்தாலும், பிரேக் பிடிக்கையில் மூக்கு கீழே குத்தினாலும், டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்தாலும் அதே குறிதான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஜோடியாக மாற்ற வேண்டும். ரப்பர் புஷ்களையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு கொசுறு.

புது வண்டிதான் என்றால், கூடுதல் பணத்தை முதலில் உயிர் காக்கிற சாமானுக்குக் கொடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. இரண்டையும் கேளுங்கள். பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவருக்கும் தோளோடு வருகிற பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டக் கொக்கி இருக்கிறதா, எத்தனை காற்றுப் பை, வண்டி சறுக்காமல் பிடிக்கிற இ.எஸ்.சி. உண்டா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சஸ்பென்ஷன் பட்டனைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

யார் வாங்கலாம்?

இவ்வளவு சொன்னபின், வாங்குவதே தப்பு என்று நினைக்க வேண்டாம். கீழே உள்ளவற்றில் இரண்டாவது உங்கள் வீட்டுக்குப் பொருந்தினால் தாராளமாக யோசிக்கலாம்.

மாதம் ஒரு தடவைக்கு மேல் மலை ஏற வேண்டிய குடும்பம். கொடைக்கானலில் தோட்டமோ தொழிலோ உள்ளவர்கள், பிள்ளையை அங்கே விடுதியில் படிக்க வைத்திருப்பவர்கள் இந்த வகை.

முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனவரோ தீராத இடுப்பு நோயாளியோ வீட்டில் இருந்து, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி நெடுந்தூரம் அழைத்துப் போக வேண்டிய குடும்பம்.

ஒரு நாள் தனி ஆள், மறு நாள் முழுப் பாரம் என்று வாரா வாரம் மாறி மாறி ஓட்டுகிறவர்கள்.

எப்படியும் வேறு காரணங்களுக்காக அந்த மேல் ரகத்தையே வாங்கப் போகிறவர்கள். அப்போது அது கூட வருகிற சௌகரியம், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நான்கு பேருக்கும் ஒரு நிபந்தனை: தானாக மாறுகிற வகையாக மட்டும் இருக்க வேண்டும். பட்டனை அமுக்கி மாற்றுகிற வகையென்றால், அமுக்குகிற கை முன் சீட்டில் இருக்கிறது, வலிக்கிற இடுப்பு பின் சீட்டில் இருக்கிறது.

மற்ற வீடுகளுக்கு, பட்டனில்லாத நல்ல சஸ்பென்ஷன், ரப்பர் உயரமான டயர், நிதானமாக ஓட்டுகிற ஆள் போதும்.

ஷோரூமில் கேட்க வேண்டியவை

சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்கப்படாதீர்கள்.

ஒன்று: இது தானாக மாறுமா, நாம்தான் மாற்ற வேண்டுமா?

இரண்டு: ஒரு ஷாக் அப்சார்பர் கெட்டால் விலை என்ன? சாதாரண ரகத்தினுடையது என்ன? விற்பனைப் பையனிடம் கேட்காமல், உள்ளே உதிரி பாக சாமான் கவுண்டரில் கேளுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லுவார்கள். தானியங்கி வகையில் வால்வும் ஒயரும் சேர்ந்தே இருப்பதால் விலை கூடத்தான் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் பெருக்கிப் பாருங்கள்.

மூன்று: எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் வாரண்டி? எண்ணெய்க் கசிவு அதில் சேருமா? பதிலை எழுதி வாங்குங்கள்.

நான்கு: இதைப் பழுது பார்க்கும் கருவி திண்டுக்கல்லிலேயே இருக்கிறதா, மதுரைக்கோ கோயமுத்தூருக்கோ கொண்டு போக வேண்டுமா?

ஐந்து: கம்ப்யூட்டர் தகராறு செய்தால் வண்டி சாதாரணமாக ஓடுமா, நின்றுவிடுமா?

கடைசியாக, ஓட்டிப் பார்க்கிற விஷயம். ஷோரூம்காரர்கள் பைபாஸில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "எப்படி மேடம், கப்பல் மாதிரி போகுதுல்ல?" என்பார்கள். அந்த ரோட்டில் எல்லா வண்டியும் கப்பல்தான். நீங்கள் வழக்கமாகப் போகிற கரடு ரோட்டுக்கு, ஐந்தாறு வேகத்தடை உள்ள வழிக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றுங்கள். மேல் ரகம், கீழ் ரகம் இரண்டிலும் ஒரே நாள், ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில் போங்கள். எது எந்த ரகம் என்று அத்தையிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இறங்கியதும், "எதுல இடுப்பு சொகமா இருந்துச்சு, அத்தை?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்தப் பணம் மிச்சம். "ரெண்டாவது வண்டிதான் தேவலை" என்று யோசிக்காமல் சொன்னார்களானால், விலையைப் பற்றி அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.

வேடசந்தூர்ச் சகோதரி, உங்கள் வீட்டில் என்ன முடிவாயிற்று என்று எழுதுங்கள். மற்ற சகோதரிகளும் தங்கள் வண்டியின் டயர் அளவையும், எந்த வரிசையில் குலுக்கல் அதிகம் என்பதையும் ஒரு கார்டில் எழுதிப் போட்டால், பல வீட்டாருக்கு உபயோகமாக இருக்கும். அடுத்த இதழில் காருக்குள் குழந்தை இருக்கையை எப்படி மாட்டுவது என்று பார்ப்போம்.